மூன்றாம் படியில் நின்றவள்

நார்மல். இருநூற்றுப் பதினெட்டாவது நார்மல். சுகந்தி சொல்லி வாயை மூடுவதற்குள் பாக்கியம் சிஸ்டர் படிவத்தில் டிக் அடித்து, "எந்திரிய்யா, தொடச்சிக்கிட்டுப் போ, பிஸ்கட்டு அங்குட்டு" என்று பையனின் நெஞ்சில் பளபளத்த ஜெல்லின் மேல் ஒரு கைப்பிடி பஞ்சைப் போட்டாள். பையன் சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மறைப்புக்குக் கட்டியிருந்த போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். போர்வை விலகிய அந்த ஒரு நொடியில் வெளியே வரிசையில் நின்ற முகங்களைச் சுகந்தி ஒரு மேய்ச்சல் மேய்ந்துவிட்டாள். இல்லை. அவள் இல்லை. இன்னும் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், அதில் பெண்கள் ஐந்து, ஐந்திலும் அந்த முகம் இல்லை. மணி இரண்டே கால், வெள்ளிக்கிழமை, மூன்றாவது நாள், கடைசி நாள். நாலு மணிக்கு வேன் கிளம்பினால் இந்த இதய ஸ்கேன் மிஷின் திங்கட்கிழமை வேறு ஒன்றியத்தில் இருக்கும், மஞ்சக்கரடு அரசு நடுநிலைப்பள்ளிக்குத் திரும்பி வர எத்தனை வருஷமோ. பன்னிரண்டு மணிக்குப் போன கரண்ட் வரவில்லை. தலைமையாசிரியை அறையின் மின்விசிறி மூன்று இறக்கையையும் காட்டிக்கொண்டு சும்மா தொங்கியது. இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு ரப்பர் விரிப்பு விரித்த கட்டிலில் அடுத்த பிள்ளை ஏறிப் படுத்து, சொல்லாமலே இடது பக்கம் திரும்பிக்கொண்டது, அவ்வளவு பழகிவிட்டார்கள், முன்னால் போனவன் வெளியே போய்ச் செய்து காட்டியிருப்பான். விலா இடுக்கில் கருவியை வைத்ததும் சிலேட்டளவு திரையில் இதயம் வந்தது, சின்னக் குருவி ஒன்று தானியம் கொத்துகிற மாதிரி வால்வு திறந்து மூடி, திறந்து மூடி, மெல்லிசாக, சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல். நார்மல். இருநூற்றுப் பத்தொன்பது. சுகந்திக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சல் என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்ததும் கூச்சமாக இருந்தது. ஒரு குழந்தையின் நல்ல இதயத்தைப் பார்த்து எரிச்சல்படுகிற டாக்டர். ஆனால் கணக்கு இடிக்கிறதே. தொண்டை வலியாக வரும், யாரும் கண்டுகொள்ளாமல் விட்டால் மூட்டு மூட்டாக இறங்கும், அதையும் விட்டால் சத்தமில்லாமல் இதய வால்வில் போய் உட்கார்ந்துகொண்டு அதைத் தடிக்க வைக்கும், முறுக்கும், சுருக்கும், ருமாட்டிக் காய்ச்சல், பெரிய ஆட்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வராத வியாதி. ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிற வீடுகளில்தான் வரும், அந்த எட்டுப் பேர் வீடுகள்தான் இந்த மலையடிவாரம் முழுக்க. மேலே ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை, கீழே தகரக் கொட்டகை. இருக்கவேண்டிய இடம் இது. ஒன்றிரண்டு பேராவது அகப்பட வேண்டும், இங்கே கிடைக்காவிட்டால் வேறு எங்கே என்று ஆராய்ச்சிக் கமிட்டியில் வாய் வலிக்கப் பேசித்தான் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பட்டியலில் முதலில் போடவைத்தாள். காலையிலிருந்து இரண்டு முறை கமிட்டி டாக்டரிடமிருந்து மெசேஜ், ஏதாவது சிக்கியதா. சிக்கியதா! தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமா. உட்கார்ந்துதான் இருக்கிறோம். அப்படியே சிக்காவிட்டாலும், எனக்கு அந்த ஒருத்தி போதும், அந்த ரிப்பன்காரி இந்த பெஞ்சில் வந்து படுத்தால் போதும், அவளுக்கு ஒன்றுமில்லை என்றுகூட இருக்கட்டும், நான் பார்த்துவிட்டு அல்லவா அதைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலையில் வேனை விட்டு இறங்கும்போது பார்த்தது. பள்ளிக்கூடத்து முகப்பில் ஏழு படி. மற்றப் பிள்ளைகள் இரண்டிரண்டாகத் தாவி ஏற, பன்னிரண்டு வயசிருக்கும் ஒருத்தி மட்டும் மூன்றாவது படியில் நின்று, பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு ரிப்பனைக் கட்டினாள். ரிப்பன் அவிழ்ந்திருக்கவில்லை. இறுக்கிக் கட்டின ரிப்பனின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, தோள் ஏறி இறங்க நான்கைந்து மூச்சு. பிறகு இரண்டு படி. மறுபடியும் ரிப்பன். அவளுடைய கெட்டிக்காரத்தனம்தான் சுகந்திக்கு முதலில் உறைத்தது. மூச்சு வாங்குகிறது என்று யாருக்கும் தெரியாமல் மூச்சு வாங்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், எத்தனை நாளாக அந்த வழி, எத்தனை படிகளில். அப்போதே கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. டிரைவர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார், யாரோ மாலை போட வந்தார்கள், எப்படியும் வரிசையில் வந்துவிடப் போகிறாள், எல்லாப் பிள்ளையும் வந்துதானே ஆக வேண்டும் என்று விட்டுவிட்டாள். எப்படியும், எப்படியும். இருநூற்றுச் சொச்சம் பேர் வந்துபோய்விட்டார்கள், எப்படியும் வரவேண்டியவள் வரவில்லை.

கேட்காமலும் இல்லை. வியாழக்கிழமை மத்தியானமே பி.டி. வாத்தியார் தங்கமாயனிடம் கேட்டாள். கழுத்தில் விசில், கையில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், வரிசையைக் கயிறு பிடித்த மாதிரி நிறுத்திவைக்கிற மனுஷர். "ரெட்டைப் பின்னல் சார், ஒல்லியா, மாநிறமா, ரிப்பன் கட்டியிருந்தா." அவர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மேடம், நீங்க சொல்ற அடையாளத்துக்கு இங்க எம்பது புள்ளைக இருக்கு. ரிப்பன் கட்டாத புள்ளைய ஹெச்செம் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க." பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்துவைத்தாள். "படியேறும்போது நின்னு நின்னு ஏறினா சார்" என்றதும் மட்டும் அவர் சட்டென்று தலையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி. பிறகு, "எல்லாம் லெட்டர்ல உள்ளபடிதான் மேடம் அனுப்புறோம்" என்று விசிலை வாயில் வைத்துவிட்டார். தலைமையாசிரியை அமலோற்பவம் டீச்சரும் அதையேதான் சொன்னார்கள், "ஒரு குறையும் வராது டாக்டரம்மா, ஒங்க லெட்டர்ல எப்படிப் போட்டிருக்கோ அப்படி." கேட்டதற்கு அது பதிலா. பதில் இல்லை, ஆனால் பதில் மாதிரியே இருந்தது, மேற்கொண்டு கேட்டால் அவர்களைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவள், நம்மை நம்பமாட்டேன் என்கிறாள் என்று ஆகிவிடும். வந்து மூன்று வருஷம் ஆகியும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பயம். நார்மல். இருநூற்று இருபத்திரண்டு. "டாக்டர், இந்தப் புள்ளைக்குக் கூச்சம் ஜாஸ்தி, சிரிக்கிறா பாருங்க, அசையாத தாயி, ஆட்டம் காட்டாத" என்கிறாள் பாக்கியம் சிஸ்டர். சிரிப்பில் திரை குலுங்கியது, சிரிக்கிற இதயம் வேகமாக அடித்தது, அதுவும் நார்மல்.

ஏன் திரும்பி வந்தீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு அவளிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன, மொழிக்கு ஒன்று. இங்கிலீஷில் கேட்டால் சொந்த மண்ணுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்கிற மாதிரி ஒரு வாக்கியம், சொல்லும்போது அழகாக இருக்கும், சொல்லி முடித்ததும் வாய் புளிக்கும். தமிழில் கேட்டால், அம்மாவுக்கு முடியவில்லை, அவ்வளவுதான், கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டும் பொய்யில்லை. இரண்டும் காரணமும் இல்லை. காரணம் தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவு, இவள் பயிற்சி டாக்டர், காலையிலிருந்து நூற்றுக்கு மேல் சீட்டுகள், மேஜைக்கு எதிரே ஒரு அம்மா, பக்கத்தில் பத்து வயசுப் பெண். "போன வாரம் முட்டியில வலின்னா, இந்த வாரம் கணுக்கால்ல வலிங்கிறா. வலி எடம் மாறுது டாக்டரம்மா." எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் அந்த அம்மா. புத்தகத்தில் அதுவேதான் இருந்தது, இடம் மாறும் மூட்டு வலி, இரண்டு மாசத்துக்கு முன்னால் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியிருந்தாள். ஆனால் படித்தது ஒரு மொழியில், கேட்டது ஒரு மொழியில். ஒரே தலைக்குள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. "வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தாம்மா செய்யும்" என்று சொல்லிச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அடுத்த சீட்டைக் கூப்பிட்டாள். ஒன்பது வருஷம் கழித்து நியூசிலாந்தில், ஆக்லாந்து ஆஸ்பத்திரியில், ஒரு தீவுக்காரத் தாய் கையைக் காற்றில் நடத்திக் காட்டினாள், வலி இங்கிருந்து இங்கே போகிறது டாக்டர், இங்கிருந்து இங்கே. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த அம்மாவின் குரல் காதில் விழுந்தது, எடம் மாறுது டாக்டரம்மா. அந்த அம்மாவோடு வந்த பெண்ணின் முகம் ஞாபகமில்லை. எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. அந்தச் சீட்டை அம்மா நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "ஒண்ணுமில்லியாம் வா" என்று மகளிடம் சொன்ன சந்தோஷம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றுமில்லையாம். இன்றைக்கு இருந்தால் முப்பத்தாறு முப்பத்தேழு வயசு. இருந்தால்.

இருநூற்று இருபத்தாறு. நார்மல். வரிசையில் மிச்சம் நாலு பேர். போர்வை விலகும்போது அவர்களைப் பார்த்தாள், அழகான பிள்ளைகள், எண்ணெய் வைத்துச் சீவி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, வரிசையில் ஒருவன்கூட மற்றவன் மேல் சாயாமல். எல்லாரும் எவ்வளவு லட்சணமாக இருக்கிறார்கள் என்று நினைத்தபோதுதான் எதுவோ இடறியது. என்ன அது. கருவியைத் துணியால் துடைத்தாள். ஜெல் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாள். என்னமோ இல்லை. இந்த மூன்று நாளில் இந்த அறையில் எதுவோ கேட்கவேண்டியது கேட்கவில்லை. வெளியே ஒரு அணில் கத்தியது, விசில் ஊதியது, பிஸ்கட் காகிதம் கசங்கியது. இருமல்! மூன்று நாளாக ஒரு இருமல் கேட்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள், ஐப்பசி மாசம், மலையடிவாரத்து ஈரம், ஒரு மூக்கு ஒழுகவில்லை, ஒரு முழங்காலில் கட்டு இல்லை, ஒருத்தன் நொண்டவில்லை. இந்த உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருமல் இல்லாமல் மூன்று நாள் போகும். இப்படி ஒரு சுத்தமான வரிசையை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், ஐந்தாம் வகுப்பில், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு. இவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், கேள்விக்குப் பதில் டாண் டாணென்று சொல்வாள் என்று. படிப்பு ஏறாத மூன்று பேரை முந்தின நாளே கூப்பிட்டு, நாளைக்கு நீங்க வரவேண்டாம் என்றார் வாத்தியார். அவர்கள் லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஓடினார்கள். இவளுக்குக்கூடப் பொறாமையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்த்துவிட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"சிஸ்டர், ரிஜிஸ்டர்ல மொத்தம் எவ்ளோ?" "இருநூத்தி நாப்பத்தொண்ணு." "நம்ம படிவம்?" "இந்த நாலும் முடிஞ்சா எரநூத்தி முப்பது." "பதினொண்ணு எங்க?" பாக்கியம் சிஸ்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "ஆப்சென்ட்டா இருக்கும் டாக்டர். பள்ளிக்கூடம்னா ஆப்சென்ட்டு இல்லாமயா?" மூன்று நாளும் அதே பதினோரு பேரா. நாலையும் பார்த்து முடித்தாள், நார்மல், நார்மல், நார்மல், நார்மல், வாய் சொன்னதே தவிர மனசு வராண்டாவில் நின்றது. பின்னே என்ன, மறைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பெயர் கெட்டுவிடுமென்று நோஞ்சான்களை ஒளித்துவிட்டு, திடகாத்திரமானவர்களை எண்ணெய் வைத்துச் சீவி அனுப்பியிருக்கிறார்கள், மூன்று நாள் இந்த மிஷினை வைத்துக்கொண்டு நான் பொறுக்கியெடுத்த நல்ல முட்டைகளையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த ஊர் திருந்தாது. எத்தனை வருஷம் ஆனாலும், எந்த மிஷினைக் கொண்டுவந்தாலும் இவர்களுக்கு எல்லாமே இன்ஸ்பெக்‌ஷன்தான். கோபம் தலைக்கு ஏற ஏற ஒருவிதத்தில் சுகமாகக்கூட இருந்தது, மூன்று நாள் எரிச்சலுக்குக் கடைசியில் ஒரு முகவரி கிடைத்த மாதிரி. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அமலோற்பவம் டீச்சர் வராண்டாவில் மேஜை போட்டு, காலி பிஸ்கட் அட்டைப்பெட்டிகளைப் பிள்ளைகளை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், நோஞ்சான் பிள்ளைங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா? இன்ஸ்பெக்‌ஷன்னு நினைச்சுட்டீங்களா இத?" குரல் தான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. அட்டைப்பெட்டி அடுக்கிய பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். டீச்சரின் முகம் சுருங்கியது, கழுத்துச் சிலுவையை ஒரு விரல் தேடியது. "சேசுவே, என்ன டாக்டரம்மா இப்படிக் கேட்டுப்புட்டீங்க? வீட்டுக்கு அனுப்புவனா? முப்பத்தோரு வருச சர்வீசு எனக்கு. நீங்க எழுதுனதத்தான் செஞ்சோம்." மேஜை டிராயரைத் திறந்து கோப்பை எடுத்தார்கள், ஓட்டை போட்டு, நாடா கட்டி, மேலேயே இருந்தது அந்த லெட்டர். மூன்றாம் பக்கத்தைப் புரட்டி நீட்டினார்கள். ஒரு பத்தியின் அடியில் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது, ஒரு எழுத்து விடாமல். சேர்க்கப்படாதவர்கள் என்று தலைப்பு. தற்சமயம் காய்ச்சல், இருமல், மூட்டு வலி, மூச்சு வாங்குதல் உள்ள குழந்தைகளை இந்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டாம், அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கவும். கீழே கையெழுத்து. தமிழில், சு-வின் சுழி கொஞ்சம் பெரிசாக, அவளுடையது.

எழுதினது ஞாபகம் இருந்தது. வீட்டில், அம்மா தூங்கின பிறகு, டீயை ஆறவிட்டு எழுதினது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான், வெளியே ஒன்றும் தெரியாத பிள்ளைகளுக்குள் ஒளிந்திருப்பதைத்தான் எண்ண வேண்டும், வலியோடு இருக்கிற பிள்ளை நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது, ஆக்லாந்தில் எல்லாம் அப்படித்தான், பள்ளிக்கூட நர்ஸ் காரில் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே. சரியாகத்தான் எழுதினாள், முதலில் இங்கிலீஷில் எழுதி அதைத் தமிழாக்கி, தமிழ் நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு தடவை வாசித்துச் சந்தோஷப்பட்டாள். மறுபடியும் பக்கத்துப் பக்கத்து அறை. "மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கே டீச்சர்" என்றாள், குரல் இறங்கிவிட்டது. "யாரு கூட்டிட்டுப் போவா? அப்பன் ஆத்தா எல்லாம் மேல ஏலத்தோட்டத்துல, சனிக்கெழமதான் எறங்குவாக. லெட்டரக் குடுத்தேன், வாங்கி வச்சுக்கிட்டாக. அதான் கடைசி ரூம்புல ஒக்கார வச்சிருக்கு. சத்துணவு குடுத்தாச்சு, எங்கையால வாழப்பழம் வாங்கிக் குடுத்தேன். ஒங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதேன்னு, சத்தம் போடாம இருங்கன்னு மட்டும் சொன்னேன். தங்கமா இருக்குதுக, மூணு நாளா மூச்சு விடல." தங்கமாயன் சார் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். "யாருக்கு மூச்சு வாங்குது, யாருக்குக் கால் வலின்னு கேட்டா ஒரு பய சொல்லமாட்டான் மேடம். அதான் போன வாரம் மைதானத்த மூணு சுத்து ஓடவிட்டேன். ரெண்டு நாள் ஆச்சு மொத்த ஸ்கூலும் ஓடி முடிக்க. நின்ன புள்ளைக, கால இழுத்த புள்ளைக, ஓடி முடிச்சும் இருமுன புள்ளைக, எல்லாம் தனியாப் பிரிச்சேன். நீங்க கேட்ட ரிப்பன் கட்டுற புள்ள, பாண்டிமீனா. ஏழாப்பு. ரெண்டாவது சுத்துலயே நின்னுருச்சு. லெட்டர்ல வேணாம்னு போட்டிருக்கே, சொன்னா நாங்க பிரிச்சது சரியில்லம்பீங்களோன்னு..."

ஒரு விசிலையும் ஒரு மைதானத்தையும் வைத்துக்கொண்டு, இந்த மனுஷர் அவள் தேடினதை முன்கூட்டியே தேடிப் பிரித்து, ஒரு அறையில் சேர்த்து வைத்திருக்கிறார். அவள் முப்பது தப்படி தூரத்தில் உட்கார்ந்து மீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டாள், மூலையில் பேட்டரி பதினாலு சதவீதம் என்று சிவப்பாக எரிந்தது. வாசலில் வேன் ஒரு தடவை ஹாரன் அடித்தது. வராண்டா நீளமாக இருந்தது, ஆறாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, கணினி அறை என்று எழுதிப் பூட்டின அறை. யாரைத் திட்டுவது. திட்டுவதற்கு எடுத்துவைத்த வார்த்தையெல்லாம் வாயில் அப்படியே இருக்கிறது, துப்ப இடமில்லை. ஊர் திருந்தாது என்றேனே. ஊர் ஒரு எழுத்து விடாமல் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவும் கேட்டாள், ஒன்றுமில்லை என்று சொன்னதைக் கேட்டு, நம்பி, மடித்துச் செருகிக்கொண்டு போனாள். என் வார்த்தையைக் கேட்காதவர்கள் யாராவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலை எட்டிப் போட்டாள், பின்னால் பாக்கியம் சிஸ்டர் ஜெல் பாட்டிலோடு, அதற்குப் பின்னால் டீச்சர், சார், ஊர்வலம் மாதிரி. கடைசி அறையின் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள்.

பதினோரு பிள்ளைகளும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுதான், பெரியவர்கள் உள்ளே வந்தால் எழுந்து இழுத்து இழுத்துப் பாடுகிற வணக்கம். ஆனால் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது, பதினோரு வாயும் ஒரே நேரத்தில், வ, ண, க், கம் என்று கடைசி எழுத்துவரை நீட்டி, டாக்டர் என்றும் சேர்த்து, ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல். பிறகு ஒரு பொடியன் இருமலை அடக்க முடியாமல் உள்ளங்கையில் இருமினான், டீச்சரைப் பயத்தோடு பார்த்தான். இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் அவள். எழுந்து நின்ற வேகத்துக்கே கை பின்னலுக்குப் போயிருந்தது. "பாண்டிமீனா" என்றாள் சுகந்தி. பேர் தெரிந்திருப்பதில் பெண் மிரண்டாள். "நான் வேணும்னு நிக்கல மிஸ்" என்றாள் கிசுகிசுப்பாக. "செருப்பு கழண்டுருச்சு, அதான். இன்னொருக்க ஓடச் சொல்லுங்க, நிக்காம ஓடிருவேன். எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ்." தோற்றதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார்கள், பதினோரு பேரும், ஓட்டத்தில் தோற்றவர்கள்.

பெஞ்சுகளை ஒட்டிப்போட்டார்கள். மறைப்புக்குப் போர்வை இல்லை. அமலோற்பவம் டீச்சர் வந்து பெஞ்சுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். "பயலுக எல்லாம் போர்டப் பாரு. திரும்புனா இருக்கு." பையன்கள் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பினார்கள். ஜெல்லின் குளிரில் பாண்டிமீனா ஒரு தடவை துள்ளினாள். கருவியை வைப்பதற்கு முன்னால் சுகந்தியின் கை ஒரு நொடி நின்றது. மூன்று நாள் இருநூற்று முப்பது தடவை சொல்லிச் சலித்து, எரிச்சல்பட்டு, வெறுத்த அந்த ஒரு வார்த்தை, அது இப்போது வந்துவிடாதா என்று இருந்தது. வந்துவிடட்டும். நார்மல் என்று நான் இன்னொரு தடவை சொல்கிறேன். திரையில் இதயம் வந்தது. இதயத்தின் மேலறை பெரிசாக இருந்தது. வால்வின் முன்பக்க மடல் திறக்கும்போது நுனி திறக்காமல், மடக்கின முழங்கை மாதிரி வளைந்து, தடித்து, வலியோடு கதவைத் தள்ளுகிற கிழவி மாதிரி. ரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ணத்தைப் போட்டாள். போன ரத்தம் போன வழியே நீலமாகப் பீய்ச்சித் திரும்பி வந்தது, ஒவ்வொரு துடிப்புக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும். நார்மல் வரவில்லை. அது வராததே பாக்கியம் சிஸ்டருக்குப் போதுமாக இருந்தது. "எதுல டிக் அடிக்க டாக்டர்? இவுக படிவத்துலயே இல்லியே, நம்பரே கெடையாது" என்றாள், குரல் கம்ம. "படிவத்த விடுங்க சிஸ்டர். வெள்ளைப் பேப்பர் எடுங்க. ஒண்ணுன்னு போடுங்க."

"ஊசி போடுவீகளா மிஸ்?" என்றாள் பாண்டிமீனா, கூரையைப் பார்த்துக்கொண்டு. வலிக்காது என்கிற மாதிரிப் பொய் எதுவும் சொல்லக்கூடாது என்று சுகந்தி நினைத்தாள். "இன்னைக்கு இல்ல. முதல்ல ஆஸ்பத்திரியில பாக்கணும். அப்புறம் மூணு வாரத்துக்கு ஒண்ணு." பெண் அதை யோசித்தாள். "எத்தன மூணு வாரம்?" இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு வருஷத்தில் எந்த மொழியிலும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. பெனிசிலின் ஊசி பத்து வருஷம், இருபத்தோரு வயசுவரை, அதற்கு மேலும், என்று சொல்லித்தான் பழக்கம். வருஷத்துக்குப் பதினேழு, பத்து வருஷத்துக்கு. "நூத்தி எழுபது மூணு வாரம். கொஞ்சம் கூடவும் ஆகலாம்." முந்தானைக்கு அந்தப் பக்கம் டீச்சரின் தோள் அசைந்தது. பாண்டிமீனா எழுந்து உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்னலை முன்னால் போட்டாள், கட்டியிருந்த ரிப்பனின் காதுகளைப் பிடித்துக்கொண்டு, நாலு மூச்சு, ஐந்து. "ஒவ்வொரு தடவையும் நீங்க வருவீகளா?"

வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது, இந்தத் தடவை நீளமாக. சுகந்தி மிஷினைப் பார்த்தாள். திரையின் மூலையில் பேட்டரி பதினொன்றில் எரிந்தது. இன்னும் இரண்டு பிள்ளைக்கு வரும், மூன்று பிள்ளைக்கு வரலாம், அதற்கப்புறம் ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது, காது இருக்கிறது. "சார், டிரைவரைப் போகச் சொல்லுங்க" என்றாள். "மேடம், கடைசி பஸ் அஞ்சரைக்கு. அதுல ஒக்கார எடம் கெடைக்காது" என்றார் தங்கமாயன். "நின்னுக்கிட்டுப் போறேன்." அவர் வராண்டாவில் நடந்து போகிற சத்தம் கேட்டது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள், கருவியைத் துடைத்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். "அடுத்தது யாரு?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்கள் நாலு பேரும் கையைத் தூக்கினார்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே, திரும்பாமல், ஆறு பையன்களும் தூக்கினார்கள்.